பதினைந்து வருடத்துக்குத் தொடாத பணம்

1

போனில் கிரிப்டோ காயின் வாங்கி விற்கிற வியாபாரத்தை நான் விட்டு, போன மாதத்தோடு ஒரு வருடம் நிறைந்தது. இந்த நாட்டில் குடியை விட்டவர்கள் வருடா வருடம் ஒன்றுகூடிக் கைதட்டிக்கொள்வார்கள் என்று கூட வேலை செய்கிறவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். என் மாதிரி ஆட்களுக்குக் கைதட்ட யாரும் இல்லை. அதனால் நானே கடையில் ஒரு கேக் வாங்கி வந்தேன். யாருக்குப் பிறந்தநாள் என்று மகள் யாழினி ஆங்கிலத்தில் கேட்டாள். யாருக்கும் இல்லை, அப்பா ஒரு வருடமாக ஒழுங்காக இருக்கிறேன் என்று தமிழில் சொன்னேன். அவள் 'குட் ஃபார் யூ' என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதின்மூன்று வயது. அந்தக் கதவைத் தட்டிவிட்டு நான் வெளியே நிற்கிற நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருகிறது.

இதை ஊரில் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். கொல்லிமலைக்காரன்; மலையில் ஊர்க் கூட்டத்தை நாடு என்போம், எங்களுடையது திண்ணனூர் நாடு. என் மனைவி ஸ்டெல்லாவின் அப்பா நாமக்கல்லிலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்த வாத்தியார். அந்த மாற்றல் உத்தரவு வராமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கல்யாணமும் இல்லை, அயர்லாந்தும் இல்லை. ஸ்டெல்லா இங்கே மருத்துவமனையில் செவிலியர். நான் அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவன். வந்த புதிதில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னை அவளைச் சார்ந்திருப்பவர் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். நாற்பது வயதை நெருங்குகிற ஆணுக்கு அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு முதியோர் காப்பகத்தின் சமையலறையில் காய் நறுக்குகிறேன், சூப் காய்ச்சுகிறேன். இங்கே மிளகு சின்னக் காகிதப் பொட்டலத்தில் வருகிறது. அதைப் பாதி கிழித்து, பாதியை நாளைக்கு என்று மடித்து வைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

2

சார்ந்திருப்பவர் என்ற அந்தச் சொல்தான் என்னைக் காயினுக்குள் தள்ளியது என்று நான் சொன்னால் ஸ்டெல்லா சிரிப்பாள். ஆனாலும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இங்கே எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்க, ஓட்டுநர் தேர்வுக்கு, குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க. போன் செய்தால் பாட்டுப் போட்டுவிட்டு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்பார்கள். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். இதற்கு நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் நான் விரலால் அழுத்தினால் அந்த நிமிடமே ஏதோ ஒன்று நடந்தது. வாங்கு என்றால் வாங்கியது, விற்றுவிடு என்றால் விற்றது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு, விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. காய் நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருப்பேன். கழிப்பறைக்குப் போனால் வரமாட்டேன். தேவாலயத்தில் ஸ்டெல்லா கண்ணை மூடியிருக்கும்போது என் கண் மடியில் இருக்கும். ஒரே காயினை ஒரே நாளில் வாங்கி விற்று, திரும்ப வாங்கி, திரும்ப விற்று, சாயங்காலம் பார்த்தால் கமிஷன்தான் மிச்சம். அது எனக்கு வந்த கமிஷனும் இல்லை. அப்படியும் அடுத்த நாள் காலையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். என்னைவிடப் பெரிய முட்டாள் அந்த நேரத்தில் இந்தத் தீவில் இருந்திருக்க மாட்டான்.

வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்ததில் பெரும்பகுதி போன பிறகுதான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "ஏனுங்க, போனைக் குடுங்க" என்று வாங்கி, அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடியைப் போட்டாள். பிறகு இரவு ஷிஃப்டைக் கூடுதலாக எழுதிக்கொண்டாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

3

அதற்குப் பிறகு நான் நிதானக்காரன் ஆனேன். உலகத்திலுள்ள பெரிய கம்பெனிகளில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிற ஒரு நிதியில் மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பகுதி தானாகவே போய்ச் சேருகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். பதினைந்து வருடம் தொடுவதில்லை என்று முடிவு. இதிலும் இந்த நாட்டுக்காரர்கள் சும்மா விடுவதில்லை. எட்டு வருடம் விற்காமல் வைத்திருந்தால், விற்றதாகவே எடுத்துக்கொண்டு வரி கட்டச் சொல்வார்களாம். விற்காத பொருளுக்கு விற்ற வரி. இதை வரி அலுவலகத்துப் பெண்ணிடம் போனில் சண்டை பிடிக்கிற ஆங்கிலம் என்னிடம் இல்லை. நான் "வொய்? வொய்?" என்று மட்டும் கேட்டேன். அவர் பாவம், பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நிதானமாக முதலீடு செய்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. அது மிகவும் சலிப்பானது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. விலை இறங்கினால் சும்மா இருக்க வேண்டும், ஏறினாலும் சும்மா இருக்க வேண்டும். கை பரபரவென்று இருக்கும். அந்தப் பரபரப்பை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. நான் அதை என் அக்காவின் தலையில் இறக்கினேன்.

அக்கா செல்லம்மாள் என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். அவள் கணவர் இறந்த பிறகு மலையில் எங்கள் நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, அப்புறம் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடிகள். கையில் காசு என்று வருவது அந்தக் கொடியிலிருந்துதான். அவள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. மேட்டில் பலாமரத்தடிக்கு ஏறிவந்துதான் பேசுவாள், நான் அனுப்பிய குரல் செய்திகளையும் அங்கே நின்றுதான் கேட்பாள். வாரத்துக்கு ஒன்றாவது அனுப்பிவிடுவேன். காசைச் சும்மா வைக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, நீண்ட காலத்துக்குப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். புதிதாக மதம் மாறியவன் தோற்றான், அவ்வளவு பிரசங்கம்.

"நல்லதாச் சொல்றே கண்ணு. நீ பேசறதக் கேட்டுட்டே இருக்கலாமாட்ட இருக்குது" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். அவளிடம் போடுவதற்குச் சும்மா கிடக்கிற காசு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

4

கேக் வாங்கிய அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் கார்த்திகை மாதம், மழை விட்டு வெயில் வந்திருந்தது. அக்கா பலாமரத்தடியில் நின்று, தலையில் துண்டோடு சிரித்தாள். யாழினியைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டச் சொன்னேன். அவள் வந்து "ஹாய் அத்தை" என்றாள். "சாப்பிட்டயா சாமி? எளச்சுட்டயே" என்றாள் அக்கா. யாழினிக்கு முதல் பாதி புரிந்தது. தலையை ஆட்டினாள். பிறகு திரையைப் பார்த்து, "பின்னாடி யார் அவங்க, ஏணியில?" என்று அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள்.

அப்போதுதான் நான் பார்த்தேன். அக்காவுக்குப் பின்னால் எங்கள் மரங்களில் மூங்கில் ஏணிகள் சாய்ந்திருந்தன. மேலே ஆட்கள் நின்று மிளகுச் சரங்களை உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிளகு எங்களுக்குத் தை, மாசியில்தான் பறிப்பு. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால்தான் ஏணியையே வெளியில் எடுப்போம். இது பச்சைக் காய்.

"என்னங்க்கா இது? யாரு அவங்க?"

"நம்ம பேளுக்குறிச்சிச் சந்தை வியாபாரி ஆளுங்க கண்ணு. கொடியக் குத்தகைக்கு உட்டுட்டேன். அஞ்சு வருசத்துக்கு."

"அஞ்சு வருசமா? எதுக்குங்க்கா? ஒடம்புக்கு ஏதாச்சும்...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. காசு வேண்டியிருந்துச்சு. நீதானொ சொன்னே, நீண்ட காலத்துக்குப் போடோணும்னு. என்றகிட்டப் போடறதுக்கு என்ன இருக்குது? அதான் கொடிய உட்டு மொத்தமா வாங்கி, போஸ்டாபீசுல பதினஞ்சு வருசத்துக்குப் போட்டுட்டேன். நடுவுல எடுக்க முடியாதாமா. நல்லதாப் போச்சு."

கொடி நட்டு மூன்று வருடம் காத்திருந்து, மரத்தின் கிளைகளைக் கழித்து வெயில் விட்டு, வேரில் தழை போட்டு, வருடா வருடம் காய்க்கிற ஒன்றை விட்டுக்கொடுத்து, வட்டி போடுகிற ஒன்றை வாங்கியிருக்கிறாள். நீண்ட கால முதலீட்டை விற்று நீண்ட கால முதலீடு செய்திருக்கிறாள். அதுவும் என் பேச்சைக் கேட்டு.

ஐந்து வருடக் குத்தகைக்காரனுக்கு ஆறாவது வருடத்தைப் பற்றி என்ன கவலை? ஏணி மாற்றி மாற்றிப் போட்டுப் பழுத்ததை மட்டும் பறிக்கக் கூலி கட்டுமா? ஒரே ஏற்றத்தில் எல்லாவற்றையும் உருவுவான். ஓர் ஆள் எட்டாத சரத்துக்காகக் கொடியைப் பிடித்து இழுத்தான். மரத்தோடு ஒட்டியிருந்த கொடி பிய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. தொங்குகிற கொடி அடுத்த மழைக்கு அழுகும் என்று எனக்கும் தெரியும், என்னைவிட நன்றாக அக்காவுக்கும் தெரியும். அவள் திரும்பிப் பார்க்காமல் யாழினியின் தலைமுடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

5

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஒரு பெரியவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று என்னைக் கேட்டார். எவ்வளவு பெரிய மனசு. நான் 'ஃபைன், ஃபைன்' என்றேன். இந்த ஊர் ஆங்கிலத்தில் எனக்குத் தடங்கலில்லாமல் வருகிற ஒரே பொய் அது.

வழி ஒன்றுதான் தெரிந்தது. என் நிதியை விற்று, வியாபாரி கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கொடியை மீட்பது. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வித்துக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணிகிட்டக் கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? கொடி போகுதில்ல?"

"போனைக் கையில வெச்சுட்டு இப்படியேதான் அன்னிக்கும் பேசுனீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

நான் விற்றேன். முன்பெல்லாம் அழுத்தினால் அந்த நொடியே விற்றுவிடும் என்று சொன்னேனே, இது அப்படியில்லை. உத்தரவு போட்டு, அது நிறைவேறி, பணம் வங்கிக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. போட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது. பிறகு வங்கிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எதற்கு இந்தியாவுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்கள். மிளகுக்கொடியை மீட்க என்று சொன்னேன். மிளகா என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்கள். பிறகு, இதைக் குடும்பச் செலவு என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் 'யெஸ்' என்றேன். அப்படி அனுப்பினாலும், அங்கே அக்காவின் கணக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. அதைச் சரி செய்து எடுத்து வா என்று மலைமேல் செம்மேட்டு வங்கியில் அவளைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் அத்தனை மரத்திலும் ஏணி ஏறிவிடும்.

பொறுக்க முடியாமல் வியாபாரிக்கே போன் போட்டேன். எண்ணைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை, சந்தையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் பேசினேன். மனிதர் என்னைக் கத்தவே விடவில்லை.

"ஏனுங்க தம்பி, அயர்லாந்துங்களா? அங்க குளிருங்களா?" என்று ஆரம்பித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். முழுப் பணத்தையும், மேலே கொஞ்சம் சேர்த்தும் தருகிறேன், கொடியை விட்டுவிடுங்கள் என்றேன்.

"காசு பெருசில்லீங்க. அக்காவுக்கும் எனக்கும் வெத்தல பாக்கு மாத்தியாச்சு. பேச்சு அவங்களுதுங்க. அவங்க வாயால வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் அப்பவே ஏணியத் தூக்கிட்டு மலைய உட்டு எறங்கிடறனுங்க. நீங்க சொன்னா எப்படீங்க? நீங்க அங்க இருக்கறீங்க."

அது சரிதான். நான் இங்கேதான் இருக்கிறேன். அவர் நல்லவராகவே இருந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மோசக்காரராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது தூங்கியிருப்பேன்.

6

வியாபாரியிடம் பேசியதற்கு அடுத்த ஞாயிறு அக்காவிடம் சொன்னேன். பணம் தயாராக இருக்கிறது, வியாபாரியும் ஒத்துக்கொண்டார், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொடி நம்முடையது. போஸ்டாபீஸில் போட்டது அங்கேயே இருக்கட்டும். உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எல்லாவற்றையும் நன்றாகக் கோர்த்துச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் முகம் மாறிவிட்டது.

"உனக்கு ஏது கண்ணு அத்தன காசு?"

"அந்த நிதிய வித்துட்டேங்க்கா."

"பதினஞ்சு வருசத்துக்குத் தொடமாட்டேன்னியே?"

"ஆமா. கொடிக்காகத்தான் எடுத்தேன்."

அக்கா துண்டை அவிழ்த்து, திரும்பக் கட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நீ வரமாட்டயா?"

எனக்குப் புரியவில்லை. எங்கே, எப்போது என்று கேட்டேன்.

"நீதானொ சொன்னே. பதினஞ்சு வருசம் போட்டு வெச்சு, அத எடுத்துட்டு ஊருக்கே வந்து உக்காந்துக்குவேன்னு. நான் அதத் திருப்பித் திருப்பிக் கேட்டனே. எப்ப வாரே எப்ப வாரேன்னு எத்தன வருசமாக் கேக்கறேன், பாக்கலாங்க்கா பாக்கலாங்க்கான்னுதான் சொல்லுவே. அன்னிக்குத்தான் மொதத் தடவயா நீ ஒரு வருசத்தச் சொன்னே. அதான் நானும் அதே பதினஞ்சுக்குப் போட்டேன். நீ வாரப்ப என்ற காசும் வரட்டும், ரெண்டையும் வெச்சு ஊட்டு ஓட்டப் பிரிச்சுக் கட்டிக்கலாம்னு."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். பிரசங்கம் செய்கிறவன் எதைத்தான் சொல்ல மாட்டான். காப்பகத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற வழியில், மழைக் கோட்டுக்குள் போனை வைத்துக்கொண்டு, ஏதோ ஓர் உற்சாகத்தில் வாயில் வந்திருக்கும். அந்த வார்த்தை எனக்கு நினைவில்கூட இல்லை.

"கொடி, அக்கா" என்றேன்.

"கொடி போனாப் போகுது. வேற நட்டா மூணு வருசத்துல காய்க்கும். பேச்சுக் குடுத்துட்டு வேண்டாம்னு சொல்ல என்னால ஆகாது கண்ணு. நீ அந்தக் காச மறுக்காப் போட்டுரு. எடுத்தது எடுத்த மாதிரியே போட்டுரு."

கதவருகில் யாழினி வந்து நின்றிருந்தாள். அத்தை ஏன் அழுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அழவில்லை, வெயில் என்றேன். அவள் நம்பவில்லை. இருந்தாலும் போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"போட்டுடறேங்க்கா" என்றேன். "நாளைக்கே போட்டுடறேன்."

அக்காவின் முகம் தெளிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பழையபடி சிரிப்பும் வந்துவிட்டது.

"போஸ்டாபீசுல நாமினி யாருன்னு கேட்டாங்க கண்ணு. உன்ற பேரத்தான் குடுத்திருக்கறேன். தம்பி வெளிநாட்டுல இருக்கறான், எடுக்கறப்ப அவன் வந்து கையெழுத்துப் போடுவான்னு சொல்லிட்டேன். அங்க இருந்த பையனும் சரீங்கம்மான்னு எழுதிக்கிட்டான். நீ வந்துதான் ஆகோணும், பாத்துக்க."

நாமினி எப்போது போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் இருந்தால் அவளே போட்டுக்கொள்வாள். என் கையெழுத்து தேவைப்படுவது அவள் இல்லாதபோது மட்டும்தான். அதை அந்தப் பையன் அவளுக்குச் சொல்லவில்லை. ஏணி மேலிருந்து யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் போகாமல், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்து போடறேங்க்கா" என்றேன்.